லுங்கி மாமா யாருக்குச் சொந்தம்

ஜமால் பாய் இறந்த நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி, நெய்ச்சோறு சாப்பிட்டுக் கை கழுவியதும், அவர் விட்டுப்போனதைப் பங்கு பிரிக்க உட்கார்ந்தார்கள். எனக்கு அந்தக் குடும்பத்தோடு உறவு எதுவும் கிடையாது. என் வீடு மாட்டுங்காவில். வேலையை விட்ட பிறகு தாராவியில் அவருடைய வீடியோ கேம் கடையில்தான் பகலைக் கழித்துக்கொண்டிருந்தேன். சாப்பாடு முடிந்ததும் கிளம்பப் பார்த்தேன். இருக்கச் சொன்னார்கள். பங்கில் ஒரு சிக்கல் இருந்தது. அதற்கு நான் விட்டுவிட்ட வேலை தேவைப்பட்டது.

நான் பார்த்தது ஐரோலியில் ஒரு கால் சென்டரில் நைட் ஷிஃப்ட். வெளிநாட்டில் கேம் வாங்கியவர்கள் கோபமாகக் கூப்பிடுவார்கள். காசு கொடுத்து வாங்கியது ஒருநாள் காலையில் காணாமல் போயிருக்கும். நீங்கள் வாங்கியது கேம் அல்ல, அதை விளையாடுவதற்கான அனுமதி என்று மரியாதையாகச் சொல்வது என் வேலை. காலேஜை மூன்றாம் வருடத்தில் விட்டேன். இதை நான்காம் வருடத்தில் விட்டேன். முன்னேற்றம் என்று வைத்துக்கொள்ளலாம்.

கடை, தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் தரைத்தளம். அதற்கு மேல் மகன் பைசானின் பட்டறை. தோல் பை தைக்கிறார்கள். அதற்கும் மேல் வீடு. மூன்றையும் ஓர் இரும்பு ஏணி இணைக்கிறது. கடையில் இரண்டு விதச் சரக்கு. ஒன்று, தகரப் பெட்டி நிறையப் பழைய கேசட். மிஷினில் செருகினால் ஓடும், ஓடாவிட்டால் எடுத்து வாயால் ஊதிவிட்டு மறுபடி செருக வேண்டும். இன்னொன்று, புதுப் பெட்டி. அதில் எதையும் செருக இடமே கிடையாது. ஒரு கம்பெனியில் ஜமால் பாய் பெயரில் கணக்கு இருந்தது. தள்ளுபடி வரும்போதெல்லாம் வாங்கிச் சேர்த்த இருநூறுக்கு மேற்பட்ட கேம் அந்தக் கணக்கில். எல்லாம் பழைய வகை. இடமிருந்து வலமாக ஓட வேண்டும், குதிக்க வேண்டும், பள்ளத்தில் விழக் கூடாது. மனிதன் அதற்கு மேல் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்பது அவர் கொள்கை.

இரண்டு பக்கமும் இருந்த ஒரே கேம் லுங்கி மாமா. அதன் உண்மைப் பெயர் யாருக்கும் தெரியாது. கேசட்டின் மேல் எழுதியிருந்தது தாராவியில் ஒருவரும் படிக்காத மொழி. ஊதா நிறத்தில் மடித்துக் கட்டியதுபோல ஏதோ உடுத்திய ஓர் ஆள், நண்டுகளையும் பானைகளையும் தாண்டிக் குதித்துப் போவான். பிள்ளைகள் பெயர் வைத்துவிட்டார்கள். அதே கேமை ஏன் திரும்பக் காசு கொடுத்துக் கணக்கிலும் வாங்கினீர்கள் என்று கேட்டதற்கு, ஊத வேண்டியதில்லையே என்றார் ஜமால் பாய்.

ஒருநாள் காலையில் கடையைத் திறந்தால் கணக்கில் இருந்த லுங்கி மாமா பேண்ட் போட்டிருந்தான். இரவில் கம்பெனி அவனைப் புதுப்பித்திருந்தது. ஜமால் பாய் டிவியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, லுங்கியைத் திருப்பிக் கொடுக்கும்படி இங்கிலீஷில் ஒரு மெயில் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். நீங்கள் எங்கள் மதிப்புக்குரிய வாடிக்கையாளர் என்று பதில் வந்தது. பிள்ளைகள் கவலைப்படவில்லை. பேண்ட் போட்டவனும் நன்றாகத்தான் குதித்தான்.

இனி பங்கு. பள்ளிவாசல் ஹஜ்ரத் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் பைசான், எதிரில் அவன் தங்கை பரீஹா. ஜமால் பாயின் மனைவி ராபியா அம்மா இத்தாவில் இருந்ததால், அதாவது கணவன் இறந்து நான்கு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் முன் வராமல் இருக்க வேண்டிய காலம் என்பதால், திரைக்குப் பின்னால் இருந்தார். கட்டடம் அவர் பெயரில் இருந்தது. அதனால் அது பங்கில் வராது. அவர் ஏற்கெனவே முடிவு சொல்லிவிட்டார். பைசான் தோல் கட்டுகளை வைக்கக் குர்லாவில் குடோன் எடுத்து வாடகை கொடுத்துக்கொண்டிருந்தான். இத்தா முடிவதற்குள் அந்தக் குடோனின் ஒரு மாத வாடகையைக் கடை சம்பாதித்துக் காட்டினால் கடை பரீஹாவுக்கு. இல்லாவிட்டால் அது பைசானின் குடோன்.

பரீஹாவுக்கு அந்தக் கடை வேண்டும். வாப்பா நினைவு அது இது என்று அவள் எதுவும் சொல்லவில்லை. பி.காம் முடித்துவிட்டு இரண்டு வருடமாக அந்தக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள். மறுபடி மேலே ஏறி வீட்டுக்குள் உட்கார அவளுக்கு விருப்பமில்லை.

கேசட்டைப் பிரிப்பது சுலபமாக இருந்தது. நாற்பத்தெட்டு கேசட். மார்க்கச் சட்டப்படி இருபத்து நான்கில் மனைவிக்கு மூன்று, மகனுக்குப் பதினான்கு, மகளுக்கு ஏழு. மிச்சமில்லாமல் வகுபட்டதில் ஹஜ்ரத்துக்குத் திருப்தி. ராபியா அம்மா தன் பங்கை மகளுக்குக் கொடுப்பதாகத் திரைக்குப் பின்னாலிருந்து சொன்னார். சிக்கல் கணக்கில்தான். ஹஜ்ரத் என்னிடம் அது சொத்தா என்று கேட்டார். இல்லை என்றேன். வாடகையா என்றார். இல்லை, முழு விலை கொடுத்திருக்கிறார் என்றேன்.

"முழு வெல குடுத்திருக்காரு, ஆனா அவருக்குச் சொந்தமில்ல."

"ஆமா."

"அப்ப வேறென்னதான் வாங்குனாரு?"

"அனுமதி. அவர் இருக்கற வரைக்கும்."

ஹஜ்ரத் தாடியைத் தடவிக்கொண்டார். இதற்கு மார்க்கக் கிதாபில் இடம் தேட வேண்டும் என்றார். பைசான் சிரித்தான். பட்டனை அமுக்கினால் இப்போதும் கேம் திறக்கிறதே, திறக்கிற வரையில் சொத்துதான் என்றான். அவனே ஒரு வழியும் சொன்னான். கேசட்டும் பழைய மிஷினும் மொத்தமாகத் தங்கைக்கு, கணக்கு மட்டும் தனக்கு. கடையில் எப்போதும்போல அது ஓடட்டும், அதை யார் தடுக்கிறார்கள் என்றான். பரீஹா சரி என்றாள். எப்படியும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று நினைத்திருப்பாள். நான் மறுபடியும் சொன்னேன், அது அவர் சாவோடு முடிந்துவிட்டது, கம்பெனிக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று. அபசகுனமாகப் பேசுகிறேன் என்று பைசான் பேச்சை மாற்றினான்.

குடோன்காரரின் மகன் யாசர் குர்லாவில் குடோனுக்கு முன்பக்கத்திலேயே பெரிய கேம் பார்லர் வைத்திருந்தான். சில மாத வாடகைக்குப் பதிலாக அந்தக் கணக்கை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தான். இதைப் பைசான் தங்கையிடம் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் குர்லாவில் உட்கார்ந்து இருவரும் பாஸ்வேர்டை மாற்றப் பார்த்தார்கள். பழக்கமில்லாத இடத்திலிருந்து ஆள் நுழைவதைப் பார்த்த கம்பெனி, உறுதிப்படுத்திக்கொள்ள ஜமால் பாயின் நம்பருக்குப் போன் செய்தது.

ஜமால் பாயின் போன் ராபியா அம்மாவிடம் இருந்தது. ஜனாஸாவைத் தூக்குவதற்கு முன் வாரிசுகள் கூட்டத்தில் சொல்வார்கள்: இவர் யாருக்காவது பாக்கி வைத்திருந்தால் எங்களிடம் கேளுங்கள், யார் மனதையாவது நோகடித்திருந்தால் மன்னித்துவிடுங்கள். அன்று அதைக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான் என்று ராபியா அம்மாவுக்குக் குறை. அதனால் அந்தப் போனுக்கு யார் கூப்பிட்டாலும் சொல்லிக்கொண்டிருந்தார். லோன் வேண்டுமா என்று கேட்ட பெண்ணிடம் சொன்னார். கேஸ் ஏஜென்சியில் சொன்னார். ராங் நம்பரில் வந்த ஒருவன் மன்னித்துவிட்டதாகவே சொல்லியிருக்கிறான். கம்பெனியிலிருந்து ஒருவன் ஹிந்தியில், ஜமால் அவர்களிடம்தான் பேசுகிறேனா என்று கேட்டான். அவர் மவுத்தாகிவிட்டார், உங்களுக்கு ஏதாவது தர வேண்டியிருந்தால் மகனிடம் வாங்கிக்கொள்ளுங்கள், தப்பு செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்றார் ராபியா அம்மா. அவன் வருத்தம் தெரிவித்துவிட்டு வைத்தான்.

சாயங்காலம் மெயில் வந்தது. உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம், கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டது, விதிமுறைப்படி இதை வேறு யாருக்கும் மாற்ற முடியாது. பைசான் அதை என்னிடம் காட்டினான். வாசிக்கத் தேவையிருக்கவில்லை. இப்படி ஒன்றை நானும் அனுப்பிக்கொண்டிருந்தேன். இறந்தவரின் பெயர் முதல் வரியில் தானாக வந்து உட்காரும், நாம் கமாவை மட்டும் சரிபார்த்தால் போதும்.

அவன் ஏணியில் ஏறிப் போய்க் கத்தியது சந்து முழுவதும் கேட்டது. எதற்கு அதைச் சொன்னாய், சும்மா ஆமா என்று வைத்திருக்கக் கூடாதா என்றான். ராபியா அம்மா குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் அதுவும் கேட்டது.

"உசுரோட இருக்காவன்னு சொல்லச் சொல்லுதியா?"

அவன் ஏணியில் இறங்கிப் பட்டறைக்குள் போனான்.

மறுநாளிலிருந்து பிள்ளைகள் வரவில்லை. புதுப் பெட்டியைப் போட்டால் கறுப்புத் திரையில் ஒரு வரி ஆங்கிலம் மட்டும் தெரிந்தது. பரீஹா தகரப் பெட்டியைத் திறந்து கேசட்டுகளை ஒவ்வொன்றாக ஊதி ஊதிப் போட்டுப் பார்த்தாள். பாதி ஓடவில்லை. கேசட்டும் சாகும். மெயில் அனுப்பாது, அவ்வளவுதான் வித்தியாசம். லுங்கி மாமா மூன்றாவது ஊதலில் லுங்கியோடு வந்தான்.

பிள்ளைகளில் இருவர் எட்டிப் பார்த்து, படம் புள்ளி புள்ளியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆனால் அந்த இசை மேலே பட்டறைக்குக் கேட்டிருக்கிறது. டீக்காக இறங்கிய மாரிசெல்வம் கிளாஸோடு வாசலில் நின்றுவிட்டான். பைசானிடம் இருப்பதிலேயே நல்ல தையல்காரன் அவன். நாற்பதை நெருங்கியவன். இதே கடையில் டவுசரோடு நின்று ஆடியவன்.

"ஏத்தா, மாமா இன்னும் இருக்கானா?" என்றான்.

உயிருக்கு ஐந்து ரூபாய் என்றாள் பரீஹா. ஒரு உயிர் போனால் அடுத்த ஆளுக்குக் கன்ட்ரோலரைக் கொடுத்துவிட வேண்டும். அது ஜமால் பாய் காலத்து விதி. மாரிசெல்வத்துக்குப் பின்னால் இன்னும் இருவர் இறங்கினார்கள். வார முடிவில் பட்டறையே இறங்கியிருந்தது. அந்த கேசட்டில் விட்ட இடத்தைச் சேமிக்க வசதி கிடையாது. மிஷினை அணைத்தால் மறுபடி முதல் நண்டிலிருந்துதான். அதனால் அவர்கள் அணைக்க விடவில்லை. இரவு கடை மூடும்போதும் டிவியை மட்டும் அணைத்துவிட்டு, மிஷினின் சிவப்பு விளக்கை எரிய விட்டுப் போவார்கள். சுவிட்சின் மேல் ஒருவன் பிளாஸ்திரி ஒட்டினான். சின்ன வயதில் யாரும் ஆறாவது கட்டத்தைத் தாண்டியதில்லை. இப்போது எட்டாவதில் ஓர் ஆற்றங்கரையில் நின்றார்கள். ஆறு பெரியது. மாற்றி மாற்றி அதில் விழுந்துகொண்டிருந்தார்கள். ஐந்து ரூபாயாகச் சேர்ந்தது குடோன் வாடகையை நோக்கி நகர்ந்தது.

மேலே தையல் மிஷின்கள் சும்மா கிடந்தன. ஆர்டர் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. பைசானுக்குக் கேசட்டைக் கொடுத்துக் கணக்கை வாங்கியது ஏமாந்த வியாபாரமாகப் போனது அப்போதுதான் உறைத்தது. ஹஜ்ரத்திடம் போனான். தனக்குக் கிடைத்தது ஒன்றுமே இல்லை, அதனால் மாற்றிக்கொண்டது செல்லாது, கேசட்டை மறுபடி பிரிக்க வேண்டும் என்றான்.

ஹஜ்ரத் மறுபடி விசாரிக்க வருவதற்கு முந்தின நாள் பரீஹா என்னிடம் கேட்டாள்.

"அண்ணே, அது சொத்துதான்னு சொல்லிருங்க. தன் சொத்தா வாங்கி அவன்தானே தொலைச்சான்."

"போன தடவையே இல்லைன்னு சொல்லிட்டேனே. ஹஜ்ரத் மறக்கமாட்டார்."

"அப்ப நீங்க எதுக்கு இங்க உக்காந்திருக்கீங்க?"

என் வீட்டிலும் இதே கேள்வி இருந்தது.

ஹஜ்ரத் கேட்டார், சொத்தில்லை என்றுதான் சொன்னேன். சொத்தாக இல்லாத ஒன்றைக் கொடுத்துச் சொத்தை வாங்க முடியாது, மாற்றல் செல்லாது என்று தீர்ப்பானது. இருபத்தெட்டு கேசட் பைசானுக்கு, உம்மாவின் பங்கையும் சேர்த்து இருபது பரீஹாவுக்கு. பழைய மிஷின் ஒன்றுதான் இருந்தது. அதை வெட்ட முடியாது. அதில் அவனுடைய பங்குக்கு ஈடாகத் தன் இருபதில் பத்தைத் தருகிறேன் என்றாள் பரீஹா. பைசான் ஒத்துக்கொண்டான். ஆனால் கேசட்டுகளை முதலில் தான்தான் பொறுக்குவேன் என்றான். பெரிய பங்குக்காரன் என்பதால் ஹஜ்ரத் சரி என்றார்.

பைசான் எழுந்து நேராக மிஷினிடம் போனான். அது ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் மாரிசெல்வமும் மற்றவர்களும் நின்றிருந்தார்கள். பைசான் லுங்கி மாமாவைப் பிடித்து உருவினான்.

டிவியில் ஆறும் கரையும் ஒரு நொடி கோடு கோடாக நடுங்கிவிட்டுப் போயின. மூன்று வாரம் தினமும் சாயங்காலம் வரை நடந்து வந்த தூரம் அது. மாரிசெல்வம் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். மேலே பட்டறைக்கு ஏறவில்லை.

அன்று முதல் தையல்காரர்கள் சரியாக வந்தார்கள், சரியாகப் போனார்கள். ஓவர்டைம் என்று கேட்டால் ஒருவனுக்கு முதுகு வலித்தது, ஒருவனுக்கு டோம்பிவிலி வண்டி பிடிக்க வேண்டியிருந்தது. தாராவியில் பிறந்து தாராவியிலேயே குடியிருக்கிறவன் அவன். பைசான் சமாதானம் செய்யப் பார்த்தான். பழைய எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் லாமிங்டன் ரோட்டுக்குப் போய் ஒரு பழைய மிஷின் வாங்கி வந்து பட்டறையிலேயே வைத்தான். கேசட் அதில் நுழையவே இல்லை. வாய் வேறு அளவு. அவனிடம் முப்பத்தெட்டு கேசட் இருந்தது, ஓட்ட ஒன்றும் இல்லை. கீழே பரீஹாவிடம் மிஷினும், ஓடாதவையாகப் பார்த்து அவன் விட்டுப்போன பத்தும் இருந்தன. அவற்றில் இரண்டை ஊதி உயிர்ப்பித்திருந்தாள். யாரும் வரவில்லை. இத்தா முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது, வாடகையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பைசான் இறங்கி வந்தான். கையில் லுங்கி மாமா. பின்னால், சற்றுத் தள்ளி, தற்செயலாக வந்தவன்போல மாரிசெல்வம். பைசான் கேசட்டைக் கல்லாவின் மேல் வைத்தான்.

"இந்தா. ஓட்டிக்க."

பரீஹா அதைத் தொடவில்லை. "தாரியா, ஓட்டிக்கச் சொல்லுதியா?"

"என்ன வித்தியாசம்? ஓட்டு. எனக்கு வேணுங்கப்போ வாங்கிக்கிடுதேன்."

அவள் என்னைப் பார்த்தாள். "அண்ணே, இதுக்குப் பேரு என்ன?"

"அனுமதி," என்றேன்.

"அப்ப வேண்டாம். எடுத்துக்கிட்டுப் போ காக்கா," என்றாள் அண்ணனிடம்.

எனக்கே அது அதிகமாகப் பட்டது. அந்த கேசட் இருந்தால் வாடகை தேறிவிடும். இல்லாவிட்டால் கடை போய்விடும். பைசானுக்கும் அது தெரியும். வாடகைக்கு என்ன செய்வாய், கடை என்னிடம் வந்துவிடும், பிறகு இந்தத் திமிரை எங்கே வைப்பாய் என்று கேட்டான். வரட்டும், உன் தோல் கட்டை அடுக்கிக்கோ, இன்னொருத்தன் சுவிட்சில் நான் கடை நடத்தமாட்டேன் என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. விலைப் பட்டியல் வாசிப்பதுபோலச் சொன்னாள்.

பைசான் கேசட்டை எடுத்துக்கொண்டு திரும்பினான். வாசலில் மாரிசெல்வம் வழிவிடாமல் நின்றான்.

"மொதலாளி, அந்த ஆர்டர் எப்ப குடுக்கணும்?"

"திங்கக்கெழம."

"முடியாதே," என்றான் மாரிசெல்வம், வருத்தப்பட்டு. "அதான் கேட்டேன்."

பைசான் அங்கேயே நின்றான். ஏணியைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான், கையிலிருந்ததைப் பார்த்தான். பிறகு திரும்பி வந்து கேசட்டை வைத்தான். பட்டறை நேரத்தில் தன் ஆட்களைக் கடைக்குள் விடக் கூடாது, ஆறு மணிக்குப் பிறகு என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும், அப்படியென்றால் இது உனக்கு என்றான். பரீஹா யோசித்தாள். நடுவில் டீ இடைவேளை ஒன்று வேண்டும் என்றாள். அது இருக்கிறதே என்றான் அவன். சரி என்றாள். ஆனாலும் எடுக்கவில்லை.

"உம்மா கேக்குற மாதிரி சொல்லு."

பைசான் ஏணியின் அடியில் போய் நின்று தலையைத் தூக்கி, கேசட்டை பரீஹாவுக்குக் கொடுத்துவிட்டேன் என்று மேல்நோக்கிச் சொன்னான். எந்த கேசட் என்று மேலிருந்து கேட்டார்கள். தொழில் செய்கிறவன், நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டியிருந்தது.

"லுங்கி மாமா," என்றான்.

திரும்பக் கேக்கமாட்டியே என்று ராபியா அம்மா கேட்டார். மாட்டேன் என்றான். அப்படியானால் சரி, மிச்சத்தையும் அவளிடமே கொடுத்துவிடு, மேலே கால் வைக்க இடமில்லை என்றார். அதைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டு அவன் வேகமாக ஏணியில் ஏறினான்.

இத்தா முடிவதற்கு இரண்டு நாள் முன்பு வாடகை தேறியது. பரீஹா அதைத் தாயிடம் கொடுத்தாள், தாய் பைசானிடம் கொடுத்தார், பைசான் குர்லாவில் யாசரிடம் கொடுத்தான். அந்தப் பணத்தில் பெரும்பகுதி அவனே தன் ஆட்களுக்குக் கூலியாகக் கொடுத்தது. அவன் அதைக் கவனித்தானா என்று தெரியவில்லை. கவனித்திருந்தால் சொல்லியிருப்பான்.

மாரிசெல்வமும் மற்றவர்களும் மறுபடி முதல் நண்டிலிருந்து தொடங்கினார்கள். இப்போது ஐந்தாவது கட்டத்தில் இருக்கிறார்கள். ஆறு மணிக்கு மேல் எனக்கு உட்கார இடம் கிடைப்பதில்லை, அதனால் ஐந்தரைக்கே கிளம்பிவிடுகிறேன்.